பகை நாட்டின் கலையைக் கற்றுக்கொடுத்தவர்

பொன்சாய் வளர்ப்பவர்களில் ஜோன் நாகாவை அறியாதவர் குறைவு. 1914இல் அமெரிக்காவின் கொலராடோவில் பிறந்தவர். எட்டு வயதில் ஜப்பானுக்குப் போய், தாத்தாவிடம் இந்தக் கலையைப் பழகினார். 1935இல் கொலராடோவுக்குத் திரும்பி விவசாயம் செய்தார்.

பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். முகாம் என்றால் என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொலராடோ அந்த வெளியேற்ற வலயத்துக்கு வெளியே இருந்தது. 1946இல் நாகா லொஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, தோட்ட வேலை செய்து பிழைத்தார். 1950இல் நான்கு நண்பர்களுடன் அங்கு ஒரு பொன்சாய் சங்கத்தைத் தொடங்கினார்.

அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதற்குப் பிறகு நடந்ததுதான். நேற்றுவரை ஜப்பானியரைப் பகைவராகப் பார்த்த வெள்ளையர்களுக்கும் அவர் ஆங்கிலத்தில், எதையும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். 1973இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் இருந்தும் ஒருவர் வளவுக்குள் மற்றவர் போகத் தயங்கிய காலத்தைக் கண்ட எங்கள் அம்பாறைக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல.

அவர் கைவைத்த மரங்களில் முக்கியமானது ஜுனிபர் என்ற ஊசியிலை மரம். புதிதாகத் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டியது, பச்சை முழுவதையும் இழந்த ஜுனிபர் கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது என்பதுதான். ஆகவே எதை வெட்டுவது என்பதைவிட எந்தப் பச்சையை விடுவது என்றே முதலில் பார்க்க வேண்டும். கம்பி சுற்றி வளைத்தால், அது பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும். செத்த கிளையை வீசத் தேவையில்லை. பட்டையை உரித்து வெள்ளையாக விட்டால் அதுவும் மரத்தின் கதைதான். என் ஊர் வரிப்பத்தான்சேனையில் ஜுனிபருக்கு எங்கே போவது? சவுக்கங்கன்றில் கை பழகலாம். பார்க்க ஊசியிலை மரம்போல இருந்தாலும் சவுக்கு அந்த இனமல்ல.

1948இல் இரண்டு ஜுனிபர்களுடன் நாகா தொடங்கியது பிறகு ஒரே தட்டில் பதினொரு மரங்கள் நிற்கும் காடானது. பேரப்பிள்ளை ஒருவருக்கு ஒரு மரம். அதற்கு கோஷின், அதாவது ஆன்மாவின் காவலன், என்று பெயர் வைத்தார். 1984இல் வொஷிங்டனிலுள்ள தேசிய பொன்சாய் சேகரிப்புக்கு அதைக் கொடுத்துவிட்டார். ஹிரோஷிமா குண்டுக்குத் தப்பி, 1976இல் ஜப்பானிலிருந்து அன்பளிப்பாக வந்த யமாகி குடும்பத்தின் பைன் மரமும் அங்கேதான் நிற்கிறது. நாகா 2004 மே மாதம் இறந்தார். கோஷினின் நுனிகளை இப்போது வேறு கைகள் கிள்ளுகின்றன.