கோயிலிலே பள்ளிக்கூடத்தைக் கண்ட பண்டிதமணி

ஈழவள நாட்டின் வடபால், தென்மராட்சிப் பகுதியிலே வயல்களும் தோட்டங்களும் சூழ விளங்கும் ஊர் மட்டுவில். பங்குனித் திங்கட்கிழமைகளில் அடியார்கள் பொங்கலிடத் திரளும் பன்றித்தலைச்சி அம்மன் ஆலயம் அவ்வூரில் உள்ளது. திருவாதவூரடிகள் புராணத்துக்கு உரை கண்ட ம. க. வேற்பிள்ளை அவர்களைத் தந்ததும் அவ்வூரே. அங்கு வளர்ந்து, ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராய் உயர்ந்தவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள்.

27.06.1899 இல் பிறந்த அவர், 1917 இல் வண்ணார்பண்ணை நாவலர் காவிய பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். இலக்கணம், இலக்கியம் இரண்டையும் நாவலர் மரபு வழுவாது கற்பித்த புலவர் 1922 இல் சிவபதமடைந்தார். குருவை இழந்த பின்பும் மாணவர் கல்வியைக் கைவிடவில்லை. 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

1929 இல் திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் விரிவுரையாளரானார். 1959 இல் ஓய்வுபெறும் வரை முப்பது ஆண்டுகள் அக்கலாசாலையே அவருக்கு உலகமாயிருந்தது. அங்கு உப அதிபராயிருந்த பொ. கைலாசபதி அவர்களின் சிந்தனை அவரை ஆட்கொண்டது. உடன் பணியாற்றியவரையே குருவாக வரித்துக்கொண்ட அடக்கம் அவருடையது. அவரிடம் பயின்றவர்கள் ஊரூராகச் சென்று ஆசிரியர்களாயினர். அவர் முகத்தை ஒருபோதும் காணாத கிராமத்துப் பிள்ளைகளும் இவ்வாறு அவருடைய மாணவர்களாயினர்.

பழைய ஊர்ச் சங்கதிகளிலே அவருக்குத் தீராத ஆவல் இருந்தது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அகப்படாத சரித்திரம் முதியோர் வாயிலே கிடக்கிறது என்பதை உணர்ந்தவர் அவர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், இருபாலைச் சேனாதிராச முதலியார், நாவலரின் மருமகர் வித்துவசிரோமணி ந. ச. பொன்னம்பலபிள்ளை முதலியோரின் கல்விச் சிறப்பையெல்லாம் கட்டுரைகளாக்கினார். சின்னஞ்சிறு வாக்கியங்கள், திண்ணையிலிருந்து கதை சொல்வது போன்ற நடை. அதனால் பண்டிதர்களன்றிச் சாதாரண மக்களும் அவற்றை விரும்பிப் படித்தனர். இலக்கிய வழி, சமயக் கட்டுரைகள், நாவலர் ஆகிய நூல்கள் இதற்குச் சான்று.

யாழ்ப்பாணத்தவரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று அவர் பெயரிட்டது எல்லாவற்றிலும் மேலானது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்டது. அதனை நம் கோயில்களில் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். வாரக்கணக்கில் இது நடைபெறும். சூரபன்மன் வதையன்றும், தெய்வயானை, வள்ளி திருமணத்தன்றும் ஊரே கூடும். கையெழுத்து வைக்கத் தெரியாத கமக்காரனும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுத் தமிழும் அறிந்தான், தருமமும் அறிந்தான். ஆணவம் கொண்டவன் அழிவான் என்பதையும், அழிக்க வந்த வேலே அவனை மயிலும் சேவலுமாக்கி ஆட்கொண்டது என்பதையும் அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. கோயில் மண்டபமே அவனுக்குப் பள்ளிக்கூடம். இந்த உண்மையை எடுத்துக்காட்டியவர் பண்டிதமணி.

இக்கருத்துக்கு மறுப்பும் எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சமூகம் முழுவதையும் இந்தப் பெயர் அடக்குமா என்று பிற்கால ஆய்வாளர் வினவினர். கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்திராத காலம் ஒன்று இருந்தது உண்மையே. அக்காலத்தில் வீதிக்கு வெளியே நின்றவர்களின் செவிக்கு அந்தப் பயன் முழுமையாய் எட்டவில்லை. கோயில் பள்ளிக்கூடமென்றால் அதன் வாசல் யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம்.

கந்தபுராணத்துத் தட்ச காண்டத்துக்கு அவர் எழுதிய விரிவான உரை 1967 இல் வெளிவந்தது. 1978 இல் பல்கலைக்கழகம் கௌரவ இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கி அவரைப் போற்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கொடுமை அவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்தது. 13.03.1986 இல் அவர் சிவபதமடைந்தார்.

அதன் பின்னரும் இழப்புக்கள் ஓயவில்லை. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே வீடுவாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். பெட்டகத்து ஏடுகளும் பழைய புராணப் பிரதிகளும் பல இல்லங்களில் அழிந்தொழிந்தன. ஆயினும் பண்டிதமணி எழுதிவைத்த பெரியோர் வரலாறுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. முதியோர் சொல்லக் கேட்டதை ஒருவர் எழுதிவைத்தமையால் வந்த பயன் அது.

அச்சிட்ட நூலை மீண்டும் அச்சிடலாம். வாசிக்கும் குரலும் பயன் சொல்லும் நாவும் அற்றுப்போனால் அவற்றை எந்த அச்சகத்திலும் பெறமுடியாது. ஆதலால் ஒவ்வோர் ஆலயத்திலும் இளையோர் இருவரையேனும் பெரியோர் பக்கத்தில் இருத்தி, ஒருவருக்கு வாசிக்கவும் மற்றவருக்குப் பயன் சொல்லவும் பழக்குவோமாக. பண்டிதமணிக்கு நாம் செலுத்தக்கூடிய குருதட்சணை அதுவே.