குழந்தைகளின் அறிவை அளந்த மேதை

வகுப்பிலே ஒரு பையன். ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறான். காது சரியாகக் கேட்கவில்லையா? கண் தெரியவில்லையா? பசியா? யாரும் விசாரிப்பதில்லை. மக்கு என்று பெயர் சூட்டி விடுகிறார்கள். அந்தப் பெயர் ஆயுள் முழுவதும் அவனை விடுவதில்லை.

இந்தக் கொடுமைக்கு மாற்று தேடியவர், ஆல்பிரட் பினே. மனோதத்துவம் விஞ்ஞானமாக மாறிய காலத்தில், பிரான்சு நாட்டில் வாழ்ந்த மேதை.

வக்கீல் படிப்பு

பினே 1857-ம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்து விட்டதால் தாயிடம் வளர்ந்தார்.

பாரிஸ் நகரில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. வைத்தியம் படிக்கத் தொடங்கினார். அதையும் முடிக்கவில்லை.

அதுவரை மனத்தைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் தத்துவ ஞானிகளே. 1879-ம் ஆண்டில் ஜெர்மனியில், லீப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் வூண்ட், மனத்தை ஆராய்வதற்கென்றே ஒரு சோதனைச்சாலை அமைத்தார். இந்தப் புதிய துறை பினேயைக் கவர்ந்தது. நூலகத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் இல்லாமல் தாமே படித்தார்.

காந்தத்தால் வந்த அவமானம்

பிறகு, பாரிஸில் ஷார்கோ என்ற பிரபல டாக்டரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மனோவசியத்தால் உறங்கும் நோயாளியின் அருகே காந்தத்தை வைத்தால், உடலின் ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கம் மாறுவதாக எழுதினார்.

பெல்ஜியம் அறிஞர் ஒருவர் இதை மறுத்தார். என்ன நடக்கும் என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் நோயாளியின் முன்னாலேயே பேசினார்கள். நோயாளியும் அதன்படியே நடந்து கொண்டாள். காந்தம் ஒன்றும் செய்யவில்லை!

பினே முதலில் வாதாடினார். பிறகு தவறை ஒப்புக் கொண்டார். தன் எண்ணமே தன்னை ஏமாற்றும் என்ற பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

வீடே சோதனைச்சாலை

பினேக்கு இரண்டு பெண் குழந்தைகள். நடை பழகும்போது, மூத்தவள் மாட்லீன் பிடிமானம் பார்த்துத்தான் அடி எடுத்து வைப்பாள். இளையவள் ஆலிஸ் சிரித்துக் கொண்டே நடு அறைக்குத் தள்ளாடிப் போவாள். ஒரே வீட்டுக் குழந்தைகள். ஆனால் போக்கு வேறு வேறு! இதைப் பினே கவனமாகக் குறித்து வைத்தார்.

1894-ல் சார்போன் பல்கலைக்கழக மனோதத்துவ சோதனைச்சாலைக்குத் தலைவரானார். பெரிய தலையில் பெரிய அறிவு இருக்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். பினே மாணவர்களின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரனுக்கும் மந்தமானவனுக்கும் வித்தியாசம் மிகமிகச் சிறியது. அந்த வழியைக் கைவிட்டார்.

30 சோதனைகள்

பிரான்சில் 1882-ல் கட்டாயக் கல்வி வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். சிலர் பின்தங்கினார்கள். அவர்களுக்குத் தனி வகுப்பு தேவைதான். ஆனால் யாரை அனுப்புவது? ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் மறுத்தார். 1904-ல் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. பினே அதில் இடம் பெற்றார்.

1905-ல், டாக்டர் சிமோனுடன் சேர்ந்து 30 சோதனைகளை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர வேண்டும். மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கூற வேண்டும். புத்தகப் படிப்பு தேவை இல்லை!

1908-ல் சோதனைகளை வயதுவாரியாகப் பிரித்தார். எந்த வயதுக் குழந்தைக்குரிய அறிவு இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

கேட்காத எச்சரிக்கை

அறிவு, கல்லில் வெட்டிய எழுத்து அல்ல. பயிற்சியால் வளரும் என்றார் பினே. பின்தங்கிய பிள்ளைகளுக்கு அசையாமல் சிலைபோல நிற்கும் விளையாட்டு வைத்து, கவனத்தை வளர்க்கச் செய்தார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கவே சோதனை. ஒதுக்கி வைப்பதற்கு அல்ல என்பது அவர் கொள்கை.

1911-ல், 54-வது வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே, ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன் இந்த வயதுக் கணக்கிலிருந்து ஐ.க்யூ. என்ற எண்ணை உருவாக்கினார். அமெரிக்காவில் பினேயின் சோதனை பரவியது; எச்சரிக்கை பரவவில்லை. அறிவு பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்று சிலர் வாதித்தார்கள். அறிவு குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டங்களுக்கும் சோதனை துணை போனது.

பிள்ளைகளின் நெற்றியில் குத்தும் முத்திரையை அழிக்கப் புறப்பட்டார் பினே. அவர் செய்த கருவியே புது முத்திரை ஆயிற்று!

பரீட்சைத் தாளில் இருப்பது, பிள்ளையின் இன்றைய நிலை. நாளைய நிலை, அவனுக்குக் கிடைக்கும் உதவியில் இருக்கிறது. பினே விட்டுச் சென்ற பாடம் இதுதான்.