பல்வங்கர் பாலு: ஒழுக்கம் யாருக்குக் கற்பிக்கப்பட வேண்டும்?

அணி விளையாட்டு இளைஞர்களுக்குக் கட்டுப்பாட்டையும் கூட்டுணர்வையும் கற்பிக்கிறது என்று கல்லூரி விளையாட்டு விழாக்களில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. திருவண்ணாமலையிலிருந்து எழுதும் நம்மால் அதை அப்படியே ஏற்க இயலவில்லை. இம்மாவட்டத்தின் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 சனவரி 30 அன்றுதான். அதுவும் காவல்துறைப் பாதுகாப்புடன். ஒரே அணியில் ஆடும் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் ஊருக்கும் காலனிக்குமாகப் பிரிகின்றனர். ஆடுகளம் கற்பிப்பது எது, கற்பிக்கத் தவறுவது எது என்பதைப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1876இல் தார்வாடில் சமார் குடும்பத்தில் பிறந்த பாலு, புனேயில் கிரிக்கெட் கழகங்களில் களம் பெருக்கியும் உருளை இழுத்தும் வேலை செய்தார். மாதக் கூலி மூன்று, நான்கு ரூபாய். ஐரோப்பியர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தில் தேர்ந்தார். மட்டையைத் தொட மட்டும் அவர்கள் அவரை விடவில்லை. அவருடைய திறமை தேவைப்பட்டபோது இந்துக்கள் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டனர்; தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் வென்றதில் பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் பெரும்பங்கு உண்டு. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை.

1920இல் அவரை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பனரான தேவ்தரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தனர். அதன்பின் இறுதி ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார். 1923இல் விட்டலே அணித்தலைவராகிக் கோப்பையையும் வென்றார். இத்தனை ஆண்டு வெற்றிகள் பெற்றுத் தராத பதவியை ஒரு மறுப்பு பெற்றுத் தந்தது.

பாலுவின் அரசியலில் நமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. 1932இல் நம் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவரும் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று, ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்றார். முன்பு பாலுவைத் தம் சமூகத்தின் பெருமையாகப் பாராட்டியவர் அம்பேத்கர். திறமையால் மனம் மாறும் என்ற நம்பிக்கைக்கும் உரிமையால்தான் நிலை மாறும் என்ற தெளிவுக்கும் இடையிலான மோதலாகவே அப்போட்டியை நாம் காண்கிறோம். 1955இல் பாலு மறைந்தார்.

பொறுமை, உழைப்பு, கட்டுப்பாடு எதிலும் பாலு குறைந்தவர் அல்லர். ஒழுக்கம் கற்க வேண்டியிருந்தது மண்குவளையை நீட்டியவர்களே. ஆகவே நம் மாணவர்கள் தங்கள் அணியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆட்டம் முடிந்ததும் யார் வீட்டில் யார் உண்கிறார்கள்? அநீதி நேரும்போது சிவராமையும் விட்டலையும் போல யார் உடன் விலகி நிற்பார்கள்?