யாழோடு குதிரையேறிய கரோலன்



ஆண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவில் கேட்டார்கள். நான் போவதற்குள் எடிசனை ஒருத்தர், விஸ்வேஸ்வரய்யாவை ஒருத்தர், ராமானுஜனை ஒருத்தர் என்று எல்லோரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பரவாயில்லை. என் மனசில் ஒரு வருஷமாக ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நல்லாத் தெரியும். அயர்லாந்து தேசத்துக்காரர், பதினெட்டு வயதில் கண்பார்வை போனவர், யாழ் வாசித்துப் பிழைத்தவர். பெயர் டர்லோ கரோலன். பிறந்தது 1670, இறந்தது 1738.

டிப்ளமோ படிக்கிற பையனுக்கும் அயர்லாந்து யாழ்க்காரருக்கும் என்னடா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் ஒரு விளையாட்டு!

சனிக்கிழமை ராத்திரி மெஸ் முடிந்ததும் எங்கள் ஹாஸ்டல் அறையில் நாலைந்து பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டுவோம். சூதாட்டம் இல்லீங்க, வார்டனும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்த கதை விளையாட்டு. ஒருத்தன் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். குகைக்குள் போகிறோம், பூதம் வருகிறது, என்ன செய்யப் போகிறாய் என்று கதைசொல்லி கேட்பான். நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும்.

நான் சேர்ந்தபோது வாள்வீரன், மந்திரவாதி, திருடன் மூன்றும் போய்விட்டன. மிச்சம் இருந்தது பார்ட், அதாவது பாணன். பாடுகிற ஆள். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஆடுகிறோம். அதில் பாணனின் முக்கிய வேலை இதுதான். என் முறை வரும்போது பக்கத்தில் இருக்கிற நண்பனைப் பார்த்து ஒரு பாட்டோ ஒரு வார்த்தையோ சொல்லி, என்னிடம் உள்ள ஆறுமுகப் பகடை ஒன்றை அவனுக்குக் கொடுக்கலாம். அடுத்த பத்து நிமிஷக் கதை நேரத்துக்குள் அவன் ஏதாவது உருட்டித் தடுமாறினால் அந்தப் பகடையையும் உருட்டிக் கூட்டிக்கொள்வான். அவன் வெட்டினால் அவன் பெயர், பூதம் செத்தால் அவன் பெயர். யாராவது விழுந்து கிடந்தால் ஒரு சின்ன மந்திரம் சொல்லி எழுப்பிவிடலாம். ஆனால் ஒரே முறையில் இரண்டையும் செய்ய விதியில் இடமில்லை. பகடை கொடு, இல்லாவிட்டால் எழுப்பிவிடு.

மூன்று மாசம் ஆடினேன். மூன்று மாசத்தில் நான் கொன்றது ஒரே ஒரு எலி! ஒருநாள் கோபம் வந்து, எனக்கும் ஒரு வாள் கொடுடா, இந்தக் கூஜா தூக்குற வேலை வேண்டாம் என்று கதைசொல்லியிடம் சண்டை போட்டேன். அவன் நிதானமான ஆள். நிஜமாக வாழ்ந்த பாணன் ஒருத்தனைப் பற்றிப் படித்துவிட்டு வா, அப்புறமும் வேண்டாம் என்றால் மாற்றித் தருகிறேன் என்றான்.

இந்த விளையாட்டில் பாணன் முதலில் வந்தது 1976 பிப்ரவரியில், ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் டக் ஷ்வெக்மன் என்பவர் எழுதிய விதிகளில். கெல்ட் இனத்துப் பாடகர்கள், வடநாட்டு ஸ்கால்டுகள், தென் ஐரோப்பாவின் நாடோடிப் பாட்டுக்காரர்கள் எல்லோரையும் கலந்து செய்தது அது. 1978 புத்தகத்திலோ பாணன் ஆவதற்கு முதலில் வீரனாக இருந்து, பிறகு திருடனாக இருந்து, அதற்கப்புறம் ட்ரூயிடுகளிடம் பாடம் கேட்க வேண்டும். நாம் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, அரியர் க்ளியர் பண்ணுகிற மாதிரி! அந்தக் கெல்ட் நூலைப் பிடித்துக்கொண்டே போனபோது கிடைத்தவர்தான் கரோலன்.

மீத் ஜில்லாவில் நாபர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பதினான்கு வயது வாக்கில் குடும்பம் மேற்கே ரோஸ்காமன் பக்கம் பிழைக்கப் போனது. அப்பாவுக்கு வேலை கொடுத்தது ஆல்டர்ஃபோர்டு மாளிகையின் மக்டெர்மட் ரோ குடும்பம். அந்த வீட்டு அம்மையார் வேலைக்காரர் மகன் என்று ஒதுக்காமல் பையனுக்குப் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். கவிதையிலும் ஆள் கெட்டி.

பதினெட்டு வயதில் பெரியம்மை வந்தது. உயிர் தப்பியது, இரண்டு கண்ணும் போனது.

அந்தக் காலத்தில் கண் போன பிள்ளைக்கு அந்த ஊரில் தெரிந்த தொழில் யாழ். அம்மையாரே அவரை ஒரு யாழ் ஆசிரியரிடம் சேர்த்தார். மூன்று வருஷம் படிப்பு, நம்ம கோர்ஸ் மாதிரியே. பித்தளைக் கம்பி கட்டிய ஐரிஷ் யாழ். விரல் நகத்தை நீளமாக வளர்த்து, நகத்தால் மீட்ட வேண்டும். இருபத்தொரு வயதில் அம்மையார் ஒரு குதிரையும், கொஞ்சம் பணமும், வழிகாட்டக் கூட ஒரு ஆளும் கொடுத்து அனுப்பிவைத்தார். அப்போது ஏறிய குதிரைதான். கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருஷம் அயர்லாந்து முழுக்கச் சுற்றினார்.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்தி யோசித்தேன். மற்ற யாழ்க்காரர்கள் எல்லாம் சின்னப் பிள்ளையிலேயே கம்பியைத் தொட்டவர்கள். இவர் பதினெட்டு வயசுக்கு மேல் தொட்டவர். கை அந்த அளவுக்குப் பேசவில்லை. வாசிப்பில் அவர் முதல் வரிசை இல்லை என்றுதான் அந்தக் காலத்தவர்களே நினைத்திருக்கிறார்கள். லீட்ரிம் ஜில்லாவில் ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்ற பிரபு, அவரும் யாழ் தெரிந்தவர், இவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வாசிப்பதை விட நீயே மெட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்று சொன்னாராம். இன்னொருத்தனாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். இவர் உட்கார்ந்து மெட்டுப் போட்டார். அந்தப் பக்கத்தில் இரண்டு குன்றுகள் இருக்கின்றன, அந்தக் குன்றுகளில் குடியிருந்த இரண்டு தேவதைக் கூட்டங்கள் சண்டை போட்டதாக ஊர்க்கதை. அதைப் பற்றியதுதான் ஷீ பெக் ஷீ மோர் என்கிற அவருடைய முதல் பாட்டு. நம்ம கதைசொல்லி கேட்டால் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். குதிக்கவும் செய்தான்!

அது கெட்ட காலம். 1690ல் பாய்ன் ஆற்றங்கரைச் சண்டையில் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸ் தோற்றார். பழைய ஐரிஷ் குடும்பங்கள் பலவற்றின் நிலம் பறிபோனது, கத்தோலிக்கர்களை ஒடுக்கும் சட்டங்கள் வந்தன. பரம்பரை பரம்பரையாக ஒரே அரண்மனையில் உட்கார்ந்து பாடிய புலவர்களின் காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இனிமேல் யாழ்க்காரன் வீடு வீடாகத்தான் போக வேண்டும். கரோலன் பழைய கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் போனார், புதிதாக நிலம் பிடித்து வந்த புராட்டஸ்டன்ட் வீட்டுக்கும் போனார். இரண்டு பக்கமும் அவருக்குக் கதவு திறந்தது. அன்றைக்கு வேறு எத்தனை பேருக்குத் திறந்திருக்கும்?

தொழில்முறை இதுதான். ஒரு வீட்டுக்குப் போகும் வழியிலேயே குதிரை மேல் உட்கார்ந்து மெட்டு யோசிப்பார். கோட்டுப் பொத்தான்களைக் கோடாகவும் நடுவிலுள்ள இடைவெளியை இடமாகவும் வைத்து விரலால் தடவித் தடவி ஸ்வரம் அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. மெட்டுதான் முதலில் வரும், வார்த்தை பிறகு. பழைய புலவர்களுக்கு இது தலைகீழ். போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் பெயரிலோ, பெண்ணின் பெயரிலோ பாட்டு. இப்படி ஒருத்தர் பெயருக்கென்று செய்த மெட்டை பிளாங்ஸ்டி என்பார்கள். சாப்பாடு, படுக்கை, கொஞ்சம் பணம் கிடைக்கும். அவர் வந்து சேரட்டும் என்று கல்யாணத்தையே தள்ளி வைத்தவர்கள் உண்டாம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. காசுள்ளவன் வீட்டில் போய் அவன் பெயரைப் பாடுவது ஜால்ரா இல்லையா? என் ரூம்மேட் அதையேதான் சொன்னான். அப்புறம் அந்த மெட்டுகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். இருநூறுக்கு மேல் மெட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஜார்ஜ் பிரபேசன், ஃபேனி பவர், மார்கன் மகன், ஜான் ட்ரூரி... வரிசையாக மனிதர்கள். இவர்கள் என்ன செய்தார்கள், எத்தனை ஏக்கர் வைத்திருந்தார்கள் என்று யாருக்குக் கவலை? ஆனால் கிதார், விசில் வாசிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க இந்தப் பெயர்களை இன்றைக்கும் சொல்கிறார்கள். பூதத்தைக் கொன்றவன் பெயரை எழுதி வைக்கிற ஆள் யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காதலும் உண்டு. பிரிட்ஜெட் குரூஸ் என்ற பெண் பெயரில் மட்டும் ஒன்றல்ல, பல மெட்டுகள். கல்யாணம் ஆகவில்லை. பல வருஷம் கழித்து டெர்க் ஏரித் தீவுக்கு யாத்திரை போனபோது, படகில் ஏறிய ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தாராம். தொட்ட கையை வைத்தே பிரிட்ஜெட் என்று கண்டுபிடித்துவிட்டாராம். இது அவர் சிநேகிதர் சார்லஸ் ஓகானர் வழியாக வந்த கதை. எங்கள் ரூமில் இதைச் சொன்னபோது சிவில்காரன் ஒருத்தன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஏன் என்று நான் எழுத மாட்டேன், அவனும் இந்த மலரைப் படிப்பான்.

கடைசியில் மேரி மகைரைக் கல்யாணம் செய்து, லீட்ரிமில் மோஹில் பக்கம் ஒரு சின்னப் பண்ணையில் குடித்தனம் வைத்தார். ஆறு பெண், ஒரு பையன். ஆனால் ஆள் வீடு தங்கவில்லை. விருந்தும் விஸ்கியும் கொஞ்சம் அதிகம்தான், மறைக்க வேண்டியதில்லை. டப்ளினுக்குப் போனால் அங்கே இத்தாலி சங்கீதம்தான் மோஸ்தர். விவால்டி, கொரெல்லியின் இசையைக் கேட்டுக்கேட்டு அதைத் தன் ஐரிஷ் மெட்டுக்குள் கலந்தார். கல்லிவர் கதை எழுதிய ஸ்விஃப்ட், கரோலன் மெட்டமைத்த ஓர் ஐரிஷ் பாட்டை ஆங்கிலத்தில் ஆக்கியிருக்கிறார்.

1733ல் மேரி இறந்தார். மனைவிக்காக ஒரு ஒப்பாரிப் பாட்டுக் கட்டினார். அதற்கப்புறம் ஐந்து வருஷம்தான். 1738ல் உடம்பு முடியாமல் போனபோது அவர் குதிரையைத் திருப்பியது ஆல்டர்ஃபோர்டு மாளிகைக்கு. குதிரை கொடுத்து அனுப்பிய அதே அம்மையார் வயதாகி அங்கே உயிரோடு இருந்தார். குடிக்கக் கொஞ்சம் கேட்டு வாங்கி, யாழை எடுத்துக் கடைசியாக ஒரு மெட்டு வாசித்தாராம். இசைக்கு விடை சொல்லும் அந்த மெட்டும் கரோலனின் பிரியாவிடை என்ற பெயரில் இருக்கிறது. பிறகு படுக்கைக்குப் போனவர் எழுந்திருக்கவில்லை. மார்ச் 25ல் உயிர் பிரிந்தது. நாலு நாள் ஜனங்கள் கூடியிருந்து துக்கம் காத்தார்கள். கில்ரோனன் கல்லறையில் மக்டெர்மட் ரோ குடும்பத்தாரின் இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

அவர் கைப்பட ஒரு ஸ்வரமும் எழுதியதில்லை. எழுத முடியாது. மற்ற யாழ்க்காரர்கள் ஞாபகத்தில் வைத்திருந்ததுதான். 1792ல் பெல்ஃபாஸ்டில் மிச்சமிருந்த யாழ்க்காரர்களைக் கூட்டி வாசிக்கச் சொன்னபோது, பத்தொன்பது வயசுப் பையன் எட்வர்ட் பன்டிங் பக்கத்தில் உட்கார்ந்து பல மெட்டுகளை எழுதிக்கொண்டான். நம்ம வயசு! 1982ல் வெளியான அயர்லாந்தின் 50 பவுண்ட் நோட்டில் கரோலன் படம் போட்டார்கள். யூரோ வந்த பிறகு அந்த நோட்டுகள் போய்விட்டன.

இதையெல்லாம் படித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை போனேன். வாள் வேண்டுமா என்று கதைசொல்லி கேட்டான். என் தாளில் பாத்திரத்தின் பெயரை அழித்துவிட்டு கரோலன் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாலத்தின் மேல் ஒரு ராட்சசன். திருடன் விழுந்து கிடக்கிறான். சிவில்காரன் வாளோடு நிற்கிறான். இரண்டு சுற்றுக்கு முன் நான் கொடுத்த ஆறுமுகப் பகடை அவன் கையில். என் முறையில் திருடனை எழுப்பிவிட்டேன். அடுத்து சிவில்காரன் உருட்டினான், பதினொன்று. அவன் பலத்தையும் கூட்டினால் பதினாறு. போதாது என்று எல்லோருக்கும் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அந்தச் சின்னப் பகடையை உருட்டினான். மூன்று. பத்தொன்பது! ராட்சசன் ஆற்றில் விழுந்தான், ரூமே கத்தியது, வார்டன் மறுபடியும் வந்தார். நான் அவன் பெயரில் ஒரு பிளாங்ஸ்டி பாடினேன். என் குரலைப் பற்றி யாரும் இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கதைசொல்லி இந்த வருஷம் படிப்பை முடித்துப் போகிறான். ஜூனியர்கள் யாராவது ஆட வருவதாக இருந்தால் சனிக்கிழமை மெஸ் முடிந்ததும் வரலாம். வாள்வீரன் இடம் இரண்டு காலி. பாணன் இடம் காலி இல்லை.