பந்தாட்ட ஆசான் ரஹீம்

நம் காலனித் திடலில் மாலைதோறும் பந்துதைக்கும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் ஆசிரியரின் நினைவு வருவதுண்டு. அவரே ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்.

1909-ஆம் ஆண்டு பிறந்த ரஹீம், பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தவர். வகுப்பறையில் கைவந்த பொறுமையும் கண்டிப்புமே ஆட்டக் களத்திலும் அவருக்குத் துணை நின்றன எனலாம். 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்வாண்டு தொடங்கி ஐந்தாண்டுகள் இடைவிடாது ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி வென்றது.

இந்திய அணியைப் பழக்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1951-இல் புது டில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். ஆயின் மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வியுற்றோம். நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. ரஹீம் மனந்தளரவில்லை. தோல்வியைப் பாடமாகக் கொண்டார். வீரர்கள் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினர். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதி எய்தி, நான்காமிடம் பெற்றனர்.

1962-இல் ஜகார்த்தாவுக்கு அணியுடன் சென்றபோது புற்றுநோய் அவருடலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. தலையில் காயமுற்றிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கைப் பின்னர் முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிர்நின்றது. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டமோ நமக்கெதிராகக் கூச்சலிட்டது. சென்னை ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 2-1 என வென்றோம்.

அந்த வெற்றிக்குப்பின் ஓராண்டுகூட ரஹீம் உயிர் வாழ்ந்தாரில்லை. 1963 ஜூன் 11-ஆம் நாள் காலமானார். ஆடவர் கால்பந்தில் ஆசியத் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவுமில்லை.

கோல் அடித்தவரின் பெயரை உலகம் எளிதில் நினைவிற் கொள்கிறது. கோட்டுக்கு வெளியே நோயுடன் நின்று, அவரை ஆளாக்கிய ஆசிரியரின் பெயரையும் நம் சிறுவர்க்கு நாம் சொல்லி வைப்போமாக.