வலியை வென்றார், வழக்கில் தோற்றார்

பல் டாக்டர் மார்ட்டனின் கதை

இன்று ஆபரேஷன் என்றால் முதலில் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. நோயாளியைச் சிலர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அலற அலற டாக்டர் கத்தி வைப்பார்.

அந்தக் கொடுமை தீர வழி காட்டியவர் ஒரு பல் டாக்டர். அவர்தான் வில்லியம் மார்ட்டன்.

மார்ட்டன் 1819-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். பாஸ்டன் நகரில் தொழில் நடத்தினார். பொய்ப்பல் கட்டுவதற்குப் பழைய பல் வேர்களைப் பிடுங்க வேண்டும். வலிக்குப் பயந்து பலர் வரவில்லை. இதற்கு என்ன செய்வது என்று மார்ட்டன் யோசித்தார். ரசாயன அறிஞர் ஜாக்சனிடம் ஈதர் என்ற திரவத்தைப் பற்றி விவரம் கேட்டார்.

1846 செப்டம்பர் 30-ந் தேதி, ஒருவரை ஈதர் ஆவியை முகரச் செய்து பல்லைப் பிடுங்கினார். வலி தெரியவில்லை!

அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டன் ஆஸ்பத்திரியில் பெரிய சோதனை நடந்தது. ஒரு வாலிபருக்கு மார்ட்டன் ஈதர் கொடுத்தார். டாக்டர் வாரன் கழுத்துக் கட்டியை அறுத்தார். வாலிபர் அலறவில்லை. கூடியிருந்தவர்கள் வியந்தார்கள்.

மறு மாதமே மார்ட்டன் "பேட்டண்டு" உரிமை வாங்கினார். அதாவது, அவருக்குப் பணம் கொடுத்து அனுமதி பெறாமல் யாரும் அந்த முறையைக் கையாளக் கூடாது. மருந்து இன்னதென்று தெரியாதபடி அதில் வாசனை கலந்து, "லீத்தியான்" என்று பெயரும் சூட்டினார். ஆனால் அது ஈதர்தான் என்று டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். பணம் கொடுக்காமலே பயன்படுத்தினார்கள்.

நியூயார்க் கண் ஆஸ்பத்திரி மீது மார்ட்டன் வழக்குத் தொடர்ந்தார். 1862-ல் தீர்ப்பு வந்தது. ஈதர் பழைய பொருள். அதை முகர்வதும் புதிதல்ல. வலியை மறக்கச் செய்வது அதன் இயற்கைக் குணம். அதைக் கண்டறிந்தது அரிய காரியமே. ஆனாலும் இயற்கைக் குணத்துக்குப் பேட்டண்டு கிடையாது. இப்படிக் கூறி கோர்ட்டு அவர் உரிமையை ரத்து செய்தது.

புகழுக்கும் போட்டி வந்தது. யோசனை தன்னுடையது என்றார் ஜாக்சன். லாங் என்ற டாக்டர் 1842-லேயே ஈதரைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் 1849 வரை அதை வெளியிடவில்லை. மார்ட்டனுக்கு 1 லட்சம் டாலர் கொடுக்க அமெரிக்க காங்கிரசில் முயற்சி நடந்தது. அதுவும் நிறைவேறவில்லை.

தொழில் போயிற்று, கடன் சூழ்ந்தது. ஆனாலும் உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அவரே ஈதர் கொடுத்து உதவினார். 1868-ல் நியூயார்க் நகரில் இறந்தார். வயது 48.

முதல் ஆபரேஷன் நடந்த மண்டபத்தை பாஸ்டன் ஆஸ்பத்திரி இன்றும் பாதுகாத்து வருகிறது. பணம் சேர்க்கப் பூட்டி வைக்க நினைத்த மருந்து, உலகத்துக்கே பொதுச்சொத்து ஆயிற்று. அதுவே மார்ட்டனுக்கு அழியாத புகழைத் தந்தது.