ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமசு காட்டன் (மே 15, 1803 – சூலை 24, 1899) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானியப் படைப் பொறியாளர் ஆவார். கொள்ளிடம், கோதாவரி ஆறுகளின் குறுக்கே இவர் கட்டிய அணைகளால் பாசன வல்லுநராக அறியப்படுகிறார். ஆயினும் இவரைப் பொறுத்தவரை பாசனம் திட்டத்தின் ஒரு பாதியே. அதே கால்வாய்களில் படகுகளை ஓட்டி, நெல்லையும் உப்பையும் குறைந்த கூலியில் நாடெங்கும் கொண்டுசெல்வது மறுபாதி. முதல் பாதியில் பெரும் வெற்றி பெற்ற இவர், இரண்டாவதில் இருப்புப்பாதைகளிடம் தோற்றார்.

இளமையும் காவிரிப் பணிகளும்

என்றி கால்வெலி காட்டன் என்பவரின் பதினொரு ஆண்மக்களுள் இவர் பத்தாமவர். கிழக்கிந்தியக் கம்பனியின் அடிசுகாம்பு படைப்பள்ளியில் பயின்று, 1821 இல் சென்னை வந்து சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் பாம்பன் கடல்வழியை ஆய்வு செய்தார். முதலாம் பர்மியப் போரிலும் பங்கேற்றார்.

1820களின் இறுதியில் காவிரிப் பாசனம் இவர் பொறுப்பில் வந்தது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் கூடுதல் சரிவு உடையது. எனவே ஆண்டுக்காண்டு அதிக நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலில் கலக்க, காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வறண்டு வந்தன. இதைத் தடுக்க 1836 இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டினார். ஆழம் காணமுடியாத ஆற்றுமணலில் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணையைக் கட்டிய பண்டைத் தமிழரிடமிருந்தே கற்றதாக இவர் பதிவு செய்துள்ளார். முக்கொம்பு மேலணையின் ஒரு பகுதி 2018 ஆகத்து வெள்ளத்தில் இடிந்தது. வீராணம் ஏரிக்கு நீர் தருவது கீழணையே.

சென்னைச் சாலைப் பணிகளுக்குக் கல் ஏற்றிவர 1837 இல் அமைந்த செங்குன்றம் இருப்புப்பாதையிலும் இவருக்குப் பங்குண்டு. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை இதுவே. பிற்காலத்தில் இருப்புப்பாதைகளைக் கடுமையாக எதிர்த்தவரின் வாழ்வில் இது ஒரு வியப்பான செய்தி.

உடல்நலம் குன்றியதால் விடுப்பில் தாசுமேனியா சென்ற இவர், 1841 இல் அங்கு எலிசபெத்து லேர்மந்து என்பவரை மணந்தார்.

கோதாவரி

1830களின் பஞ்சத்தால் கோதாவரிக் கழிமுகம் மக்களை இழந்து பாழ்பட்டிருந்தது. இவரது அறிக்கையின்பேரில் 1847 இல் தவளேசுவரத்தில் அணைப் பணி தொடங்கி 1852 இல் முடிந்தது. இடையிலுள்ள ஆற்றுத்தீவுகளால் நான்கு பகுதிகளாகப் பிரிந்த இவ்வணையின் மொத்த நீளம் சுமார் 3.6 கி.மீ. வீணம் வீரண்ணா என்னும் உள்ளூர்ப் பொறியாளர் இப்பணியில் இவருக்குத் துணைநின்றார்.

இங்கேதான் படகுப் போக்குவரத்தும் பாசனமும் ஒருசேரக் கைகூடின. கழிமுக நிலம் ஏறத்தாழச் சமமானது. கால்வாய் நீர் மெதுவாக ஓடும். மட்டம் மாறும் இடங்களில், முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட அறைகள் (லாக்குகள்) கட்டப்பட்டன. படகு உள்ளே நுழைந்ததும் ஒரு கதவை மூடி, நீரை நிரப்பியோ வடித்தோ அதனை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுவருவர். காற்று வாய்த்தால் பாய் விரித்தனர். இல்லையேல் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். குளிர்நாடுகளில் கால்வாய் உறையும் மாதங்களில் படகுகள் கரை ஒதுங்கும். இங்கு அத்தகைய ஓய்வு கோடையில் வந்தது. தூர்வாரவும் மதகுகளைப் பழுதுபார்க்கவும் கால்வாய்கள் மூடப்படும்போது படகுகளும் நின்றுவிடும். ஏலூர்க் கால்வாய் கோதாவரியைக் கிருட்டிணையுடன் இணைத்தது. கிருட்டிணையின் கொம்மமூர்க் கால்வாய் பெத்தகஞ்சாமில் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டது. இவ்வாறு காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு, கடலில் இறங்காமலேயே சென்னை வரை வர முடிந்தது.

கால்வாயா, இருப்புப்பாதையா?

1861 இல் சர் பட்டம் பெற்ற இவர் இங்கிலாந்தில் இருந்தபடி தம் கருத்தைப் பரப்பினார். இருப்புப்பாதைக் கம்பனிகளுக்கு அரசு 5 விழுக்காடு வட்டி உறுதியளித்திருந்தது. வருவாய் குறைந்தால் அதை இந்திய மக்களின் வரிப்பணமே ஈடுசெய்தது. கால்வாய்க்கு ஆகும் செலவு குறைவு, கனமான சரக்குக்குக் கூலி குறைவு, மேலும் இருப்புப்பாதை தானியத்தைச் சுமக்குமேயன்றி விளைவிக்காது என்பன இவர் வாதங்கள். 1872 இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன், கராச்சியிலிருந்து கான்பூர், கல்கத்தா, கட்டாக் வழியாகச் சென்னைக்கும், அங்கிருந்து மேலைக் கடற்கரைக்கும் செல்லும் நீர்வழியை முன்வைத்தார். 4,000 மைல் நீளத்துக்கு 3 கோடி பவுண்டு செலவாகும் என்பது இவர் கணக்கு. ஆறுகளை இணைப்பது பற்றிய பிற்காலப் பேச்சுகளுக்கு இது முன்னோடி.

இத்திட்டத்தின் வலுவற்ற இடம் பொறியியல் சார்ந்தது. படகுக்கு ஆண்டு முழுவதும் ஆழமும் மெதுவான ஓட்டமும் வேண்டும்; பாசனமோ தண்ணீர் மிகத் தேவைப்படும் நாளில் கால்வாயை வற்றச் செய்யும். கழிமுகத்தில் சமாளிக்க முடிந்த இம்முரண்பாடு மேட்டுநிலத்தில் வெளிப்பட்டது. இவரது கருத்தின் அடிப்படையில் உருவான சென்னைப் பாசன, கால்வாய்க் கம்பனி 1860களில் வெட்டிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் சுமார் 300 கி.மீ. நீளமுடையது. மதிப்பீட்டை மிஞ்சிய செலவாலும், கரிசல் உழவர்கள் தண்ணீரை விலைகொடுத்து வாங்க முன்வராததாலும் அது நட்டமடைந்தது. 1882 இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. இதற்குக் காட்டனின் மதிப்பீடுகளும் ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது.

1876–78 பெரும் பஞ்சத்துக்குப்பின் இவர் மீண்டும் நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்கு விடையளித்தார். குழு இவர் பக்கம் சாயவில்லை. அரசின் முதலீடு இருப்புப்பாதைகளுக்கே தொடர்ந்து சென்றது.

இறுதிக்காலம்

இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் கோதுமையை ஆழ உழுது பயிரிடும் சோதனைகளில் ஈடுபட்டிருந்த காட்டன், 1899 இல் 96 ஆம் அகவையில் காலமானார். மகள் எலிசபெத்து ஓப்பு இவரது வாழ்க்கை வரலாற்றை 1900 இல் வெளியிட்டார். தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாக எழுந்த கதவணைக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கோதாவரி உழவர்கள் இவரது சிலைக்கு மாலையிட்டு வணங்குகின்றனர்.

பக்கிங்காம் கால்வாயைக் காட்டன் வெட்டவில்லை. 1806 இல் எண்ணூர் வரை தனியாரால் வெட்டப்பட்ட கால்வாய் படிப்படியாக நீட்டப்பட்டது; கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78 பஞ்ச நிவாரணப் பணியாக அமைந்தது. 1960களின் புயல்களுக்குப்பின் இதில் படகுப் போக்குவரத்து அருகியது. சென்னை நகருக்குள் 1990களில் பறக்கும் தொடர்வண்டிப் பாதைக்கான தூண்கள் இக்கால்வாயிலேயே நடப்பட்டன. 2008 இல் காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழி தேசிய நீர்வழி 4 இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.